உயர்பீடத்தின் கொல்லைப்புறத் தொட்டி

வாருங்கள், வாசிப்போரே, வாருங்கள்! உண்ட கையைக் கழுவிவிட்டு, உடுத்த உடையின் மடிப்புக் கலையாமல் அப்படியே எழுந்து வாருங்கள். கோயில் கொடை விழாவைக் காண உங்களை அழைக்கவில்லை. கொலுமண்டபத்தைக் காணவும் அழைக்கவில்லை. மும்பை மாநகரின் செம்பூரில், ஒரு கட்டடத்தின் கொல்லைப்புறத்தில், ஒரு சிமெண்டு மூடி இருக்கிறது. அதன் மேல் வரிசையாகப் பூந்தொட்டிகள் இருக்கும். பூவைக் கண்டு மயங்காதீர்கள். மூக்கைப் பொத்தாதீர்கள். மூக்கைப் பொத்தியவர்கள் கட்டிய ராஜ்யத்தைத்தான் நீங்கள் பார்க்கப் போகிறீர்கள். அங்கே நடந்த அநீதிக்கு நீங்கள் சாட்சி. சாட்சிக் கூண்டில் ஏறியவர் பாதியில் இறங்கக் கூடாது என்பதை நினைவில் வையுங்கள்.

அநீதிக்கு ஆளானவர் பெயர் வானமாமலை. குடியிருப்பது ஆண்டாப் ஹில். வேலை, அதே செம்பூரில், வானத்தைத் தொடும் வேறோர் அடுக்குமாடிக் குடியிருப்பின் அடித்தளத்தில். மேலே மாடி மாடியாக மக்கள் குளித்ததும் கழுவியதும், கழிப்பறைப் பித்தானை அழுத்திவிட்டு மறந்துபோனதும் கீழே அவரிடம்தான் வந்து சேரும். எஸ்டிபி என்று எல்லோரும் அழைக்கும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் அது. அங்குள்ள தொட்டியில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் அந்த அழுக்கைத் தின்று நீரைத் தெளிய வைக்கும். அவற்றுக்கு மூச்சுக்காற்று வேண்டும். காற்றை ஊதுவதற்கு ப்ளோயர் வேண்டும். ப்ளோயரை ஓட்ட ஸ்விட்ச் வேண்டும். ஸ்விட்சைப் போட ஒரு மனிதன் வேண்டும். அந்த மனிதன்தான் வானமாமலை.

அவர் குடும்பத்தில் ஸ்விட்சைத் தொட்ட முதல் மனிதர் அவரே. அவருடைய அப்பா இடுப்பில் கயிறு கட்டிப் பாதாளச் சாக்கடைக்குள் இறங்கியவர். அண்ணன் இசக்கிதுரையும் கயிறு கட்டி இறங்கியவர். மாட்டுங்காவில் ஒரு பழைய கட்டடத்தின் மலத்தொட்டிக்குள் அவர் கடைசியாக இறங்கினார். கயிறு மேலே வந்தது; உடல் மேலே வந்தது; மூச்சு மட்டும் வரவில்லை. கயிற்றிலிருந்து ஸ்விட்சுக்குக் கைநீளம்தான் தூரம். அந்தத் தூரத்தைக் கடக்க அந்தக் குடும்பத்துக்கு ஒரு தலைமுறை ஆயிற்று.

அந்தத் தூரத்தை ஒரே பேச்சில் அழிக்க ஒருநாள் காண்ட்ராக்டரின் சூபர்வைசர் செல்லப்பாண்டி வந்து சேர்ந்தார்.

“வே வானமாமலை, புது ரூல் வந்திருக்கு. ட்ரெய்னிங் போயி சர்ட்டிபிகேட் வாங்குனவந்தான் இனிமே ஸ்விட்ச் பேனலத் தொடணுமாம்.”

“இவ்வளவு நாளும் தொட்டுக்கிட்டுதான இருக்கேன், அண்ணாச்சி?”

“அது சும்மா தொட்டது. இனிமே படிச்சிட்டுத் தொடணும். சர்ட்டிபிகேட் இல்லன்னா ஒமக்கு ஸ்விட்ச் கெடையாது. கயிறுதான். பழைய பில்டிங் டேங்க்குக்கு ஆளு வேணும், ஆளு வேணும்னு டெய்லி போன் வருது வே.”

அன்று மாலை வானமாமலை வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். மனைவி விஜயலட்சுமி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“படிப்புன்னா பயமாருக்கோ?”

“படிப்புக்குப் பயமில்ல. பரீட்சன்னாதான்...”

“கயத்தவிடப் பெரிசா பரீட்ச? பேசாம போயிட்டு வாங்க. அந்தக் கயறு இந்த வாசலுக்கு இன்னொரு தடவ வரப்படாது. உங்க அண்ணனக் கொண்டாந்து கெடத்துன அன்னைக்கே நான் முடிவு பண்ணிட்டேன்.”

இப்படித்தான் வானமாமலை, தேசிய உயிரியல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு மற்றும் ஊட்டப்பொருள் நீக்கத் தொழிற்பயிற்சி உயர்பீடத்தின் வாசலை மிதித்தார். பெயரை முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு வாளிச் சாக்கடை தானாகத் தெளிந்துவிடும். ஆகவே நாம் உயர்பீடம் என்றே சொல்வோம். சாக்கடையைக் கற்க வந்தவர்களின் மேல் சாக்கடை வாடை வீசக் கூடாது என்பது அங்கே முதல் விதி. வாசலில் ஒருவர் பன்னீர்ச் செம்புடன் நின்று வந்தவர்கள்மேல் தெளித்தார். இன்னொருவர் சந்தனம் நீட்டினார். யாருக்கோ கல்யாணம் போலும், தவறான மண்டபத்துக்குள் நுழைந்துவிட்டோம் என்று எண்ணித் திரும்பி நடந்த வானமாமலையை, உள்ளேயிருந்து வந்த ஷகீல் கையைப் பிடித்து இழுத்துவந்தான். தாராவிக்காரன், ஒரு சலவை ஆலையின் கழிவுநீர் நிலையத்தில் அவனும் ஆபரேட்டர்.

“எங்க போறீங்க அண்ணாச்சி? இதான் நம்ம காலேஜ். சோறு போடுவானுங்கன்னு நெனச்சிக் கையக் கழுவிட்டு உக்காந்திருக்கேன்.”

மண்டபத்தின் நடுவே பெரிய கண்ணாடித் தொட்டி ஒன்று நின்றது. அடியிலிருந்து குமிழிகள் பொங்கின. நீல விளக்கு, பச்சை விளக்கு, சிவப்பு விளக்கு. உள்ளே நீர் பளிங்கு. அதுதான் உயர்பீடத்தின் மாதிரிச் சுத்திகரிப்பு நிலையம். அதன் முன்னே இயக்குநர் டாக்டர் அனந்தநாராயணன் எழுந்து நின்று ஆங்கிலத்தில் முழங்கினார். பயிற்றுநர் ஷ்ருதி அதை இந்தியில் முழங்கினார். வானமாமலையின் நெஞ்சில் வந்து விழுந்தது இது:

“சகோதரர்களே! சாக்கடையை நேசியுங்கள், ஆனால் சற்றுத் தள்ளி நின்று நேசியுங்கள். இந்தத் தொட்டியிலிருந்து வெளியேறும் நீரில் நைட்ரஜன் இல்லை, பாஸ்பரஸ் இல்லை, துர்நாற்றம் இல்லை. வேறெந்த நிலையமும் எட்டாத சாதனை! இதன் ரகசியம் என்ன? உள்ளே வருவதைத் தேர்ந்தெடுப்பதுதான் ரகசியம். நாங்கள் இதற்குள் கேன் தண்ணீரை மட்டுமே அனுமதிக்கிறோம். கழிவுநீரை அனுமதித்த நிலையங்கள் எல்லாம் கெட்டுப்போயின. எங்கள் தொட்டி கெடவே இல்லை. அழுக்கைச் சேர்க்காதவனே தூய்மையானவன்!”

கைதட்டல் அடங்கியதும் ஷ்ருதி உயர்பீடத்தின் உறுதிமொழியைக் கற்பித்தார். எல்லோரும் எழுந்து, வலக்கையை முன்னே நீட்டி, உரக்கச் சொல்ல வேண்டும்:

“நான் எந்தத் தொட்டிக்குள்ளும் இறங்க மாட்டேன். எந்த மனிதரையும் இறங்கச் சொல்ல மாட்டேன். இறங்கச் சொல்பவர் எவராயினும் அவருக்குக் கட்டுப்பட மாட்டேன்.”

நல்ல உறுதிமொழி. பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டிய உறுதிமொழி. பொறித்தும் இருந்தார்கள், பித்தளைத் தகட்டில். ஆனால் அதற்கு ஒரு விதி உண்டு. உயர்பீடத்துக்கு முக்கியப் பிரமுகர்கள் முன்னறிவிப்பின்றி வருவார்கள். ஆகவே பிரமுகரின் காரை முதலில் காண்பவர் எவரோ அவர் உடனே உறுதிமொழியைத் தொடங்கிவிட வேண்டும். ஒரு குரல் தொடங்கிய கணத்தில், தோட்டக்காரர் முதல் இயக்குநர் வரை அனைவரும் இருந்த இடத்திலேயே எழுந்து கையை நீட்டிச் சேர்ந்துகொள்ள வேண்டும். முடியும்வரை அசையக் கூடாது. அசைந்தவருக்கு அன்றைய வருகைப் பதிவு இல்லை. பயிற்சி நாட்கள் முழுதும் இதற்கு ஒத்திகை நடந்தது. உணவு வேளையில் நடந்தது. வகுப்பின் நடுவே நடந்தது. ஒருமுறை இயக்குநர் தும்மத் தொடங்கிய வேளையில் எவரோ தொடங்கிவிட, பாதித் தும்மலோடு கை நீட்டி நின்று, உறுதிமொழியை முடித்துவிட்டு, மீதித் தும்மலை அவர் தும்மினார். உயர்பீடத்தின் ஒழுக்கம் அத்தகையது!

வகுப்பில் ஷ்ருதி நல்லபடியாகவே விளக்கினார். கழிவுநீரில் நைட்ரஜனும் பாஸ்பரசும் இருக்கின்றன. வயலுக்குப் போனால் அவை உரம். ஏரிக்கும் கழிமுகத்துக்கும் போனால் பாசியைக் கொழுக்க வைத்து மீனைக் கொல்லும் விஷம். ஆகவே அந்த ஊட்டப்பொருள்களை நுண்ணுயிர்களைக் கொண்டே நீக்க வேண்டும். அவர் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். திரையில் விழும் படத்தைத் தாண்டி ஒரு சொல்லும் பேச அவருக்கு அனுமதியில்லை. வானமாமலைக்கு ஓர் ஐயம் வந்தது.

“மேடம், இங்க இருக்க கக்கூஸ் தண்ணியெல்லாம் இந்தக் கண்ணாடித் தொட்டிக்குத்தான் வருதா?”

ஷ்ருதி கதவைப் பார்த்தார்; சன்னலைப் பார்த்தார்; பிறகு தமிழில் தாழ்ந்த குரலில் சொன்னார்.

“அங்கிள், அது சிலபஸ்ல இல்ல.”

“சிலபஸ்ல இல்லன்னா அந்தத் தண்ணி எங்கதான் போவுது?”

“அங்கிள், ப்ளீஸ்.”

ஷகீல் வானமாமலையின் காதில் சொன்னான். “கேக்காதீங்க அண்ணாச்சி. இங்க வர்ற பெரிய ஆளுங்க யாரும் போறதே இல்ல போல. அதான் இவ்வளவு பெரிய போஸ்ட்டு.”

மறுநாள் செய்முறை வகுப்பு. கண்ணாடித் தொட்டியில் நுண்ணுயிர் ஒன்றுகூட இல்லை. கேன் தண்ணீரில் எப்படி இருக்கும்? ஆகவே பயிற்சி பெற வந்தவர்களையே நுண்ணுயிர்களாகவும் அழுக்காகவும் நியமித்து இயக்குநர் ஆணை பிறப்பித்தார். ஷகீலின் கழுத்தில் அம்மோனியா என்று ஓர் அட்டை தொங்கியது. அவன் காற்றுள்ள மண்டபத்தில் ஓடி நைட்ரேட்டாக மாறி, பிறகு காற்றில்லாத அறைக்குள் போய் நைட்ரஜன் வாயுவாகி, வானத்தில் கலந்துவிட வேண்டும். ஓடினான். மாறினான். தரைத்தளச் சன்னல் கதவைத் திறந்தான். “மேடம், நான் வாயு ஆயிட்டேன்!” என்று கூவிவிட்டு எகிறிக் குதித்து, எதிர்ச்சாரி டீக்கடையில் கலந்தான். செயல்முறை முழு வெற்றி என்று இயக்குநர் அறிவித்தார்.

வானமாமலைக்குக் கிடைத்தது பாஸ்பரசைச் சேமிக்கும் நுண்ணுயிர் வேடம். அந்த நுண்ணுயிரின் வாழ்க்கை விசித்திரமானது. காற்றில்லாத தொட்டியில் அது தவித்து, கையிலுள்ள பாஸ்பரசையும் உதறிவிடும். காற்றுள்ள தொட்டிக்கு வந்ததும் உதறியதைக் காட்டிலும் அதிகமாக வாரி விழுங்கும். விழுங்கிக் கொழுத்த அதைக் கசடோடு கசடாக வெளியே தள்ளிவிட்டால், பாஸ்பரசும் அதோடு போய்விடும். ஆகவே அவருடைய சோற்றுப் பொட்டலத்தை வாங்கி வைத்துக்கொண்டு, சன்னலில்லாத ஒரு சாமான் அறையில் அவரைப் போட்டுப் பூட்டினார்கள். இருட்டில், பழைய பதாகைகளின் நடுவே, தாம் ஒரு நுண்ணுயிர் என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டு அவர் வியர்த்துக் கிடந்தார். கதவு திறந்தது. “வாருங்கள், விழுங்குங்கள்!” என்றது ஒரு குரல். மண்டபத்துக்கு ஓடினார். மின்விசிறி சுழன்றது; காற்று இருந்தது; சோறு இல்லை. அன்று வந்திருந்த ஆய்வுக் குழு அதை முன்னதாகவே விழுங்கிவிட்டிருந்தது. இயக்குநர் அதையும் பதிவு செய்யச் சொன்னார். “பட்டினிக் கட்டம், வெற்றி. விழுங்கும் கட்டம், நிர்வாகக் காரணங்களால் ஒத்திவைப்பு. அடுத்து, வெளியேற்றும் கட்டம்!”

இரண்டு காவலர்கள் வந்தார்கள். வானமாமலையைத் தூக்கிக்கொண்டு போய் வாசற்கதவுக்கு வெளியே விட்டார்கள்.

சற்று நேரம் பொறுத்து அவர் உள்ளே வர முயன்றார். காவலர் தடியைக் குறுக்கே நீட்டி இந்தியில் கேட்டார்.

“நீ வெளியேற்றும் கசடா, திரும்பும் கசடா?”

கேள்வியில் தவறில்லை. நல்ல நிலையங்களில் கசடின் ஒரு பகுதியை வெளியே தள்ளுவார்கள். மறுபகுதியைத் தொட்டிக்கே திருப்புவார்கள். ஆனால் தாம் எந்தப் பகுதி என்பது வானமாமலைக்குத் தெரியவில்லை. திரும்பும் கசடு என்றால் ஷ்ருதி மேடத்தின் சீட்டு வேண்டும் என்றார் காவலர். ஷ்ருதி மேடத்தைப் பார்க்க வேண்டும் என்றால் உள்ளே போக வேண்டும். நடைபாதையில் அமர்ந்திருந்தபோது விஜயலட்சுமியிடமிருந்து போன் வந்தது.

“என்ன செய்றிய? சாப்டாச்சா?”

“தள்ளி வச்சிருக்காவ.”

“சோத்தையா?”

“சோத்தையும். நான் இப்பம் கசடா இருக்கேன், விஜயா. திரும்புத கசடா இல்லையான்னு உள்ள பேசி முடிவு பண்ணுதாவ.”

“என்ன எழவோ! கயத்துக்கு இது தேவல. இருந்து வாங்கிட்டு வாங்க,” என்றாள் அவள்.

மாலையில் ஷ்ருதி சீட்டுக் கொடுத்தனுப்ப, திரும்பும் கசடாக அவர் உள்ளே சேர்ந்தார். பட்டமளிப்பு நாள் வந்தது. ஆரோக்கியமான கசடு சாக்லேட் நிறத்தில் இருக்கும் என்பதால் அங்கிகளும் சாக்லேட் நிறத்தில் தைக்கப்பட்டிருந்தன. தலைமைச் செயலகத்திலிருந்து ஓர் உயரதிகாரி சிறப்பு விருந்தினராக வந்தார். கை நீட்டி நின்ற கூட்டத்தின் நடுவே அவருக்கு இளநீர் தந்தார்கள். அமர்ந்ததும் மோர் தந்தார்கள். விளக்கேற்றியதும் டீ தந்தார்கள். அவர் உரையாற்ற எழுந்தார்.

“கழிவுநீரைத் தொட்டியில் போதிய நேரம் நிறுத்திவைக்க வேண்டும். அவசரப்பட்டு வெளியேற்றக் கூடாது. நிறுத்திவைப்பதே நாகரிகம்! பொறுமை... பொறுமைதான்...”

காலை மாற்றி நின்றார். மீண்டும் மாற்றினார். குறிப்பில் இருந்த பக்கங்களைச் சேர்த்துப் புரட்டினார். “சுருக்கமாகச் சொன்னால், நிறுத்திவைக்க முடியாத நிலையும் உண்டு,” என்று முடித்துக்கொண்டு, இயக்குநரின் காதில் ஒரு சொல் சொன்னார். இயக்குநரின் முகம் வெளிறியது. ஏனென்றால் அதே வேளையில் உதவியாளர் இன்னொரு காதில் சொல்லிக்கொண்டிருந்தார்: கழிப்பறைகள் எல்லாம் நிரம்பி, தாழ்வாரத்தில் வழிந்துகொண்டிருக்கின்றன!

இப்போது புரிகிறதா உங்களுக்கு, அந்தச் சிமெண்டு மூடி எதற்கென்று? கழிவுநீரைச் சுத்திகரிக்கக் கற்றுத்தரும் அந்த மாளிகையின் கழிவு, ஆண்டுக்கணக்கில், கொல்லைப்புறத்தில் ஒரு பழைய மலத்தொட்டியில்தான் விழுந்துகொண்டிருந்தது. அதை ஒருமுறைகூட இறைத்ததில்லை. இறைத்தால் அது இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டால், கழிவே வெளியேறாத வளாகம் என்று உயர்பீடம் பெற்ற விருது என்னாவது?

அனந்தநாராயணன் மேடையிலிருந்து இறங்கி, வரிசையில் நின்ற வானமாமலையின் தோளில் கை போட்டார். அந்தத் தோளை அவர் அதுவரை தொட்டதில்லை.

“வானமாமலை, இப்படி வாங்கோ. நாம ரெண்டு பேரும் தமிழாள். மனசு விட்டுப் பேசலாம். ஒரு சின்ன ப்ராக்டிகல் பாக்கி இருக்கு. பின்னாடி ஒரு டேங்க் இருக்கு, கேட்டேளா?”

“அது சிலபஸ்ல இல்லன்னு மேடம் சொன்னாவளே, சார்.”

“இப்போ சேர்த்தாச்சு. உள்ள அடைச்சிண்டிருக்கு. கொஞ்சம் இறங்கி, ஒரு கம்பால குத்தி விட்டேள்னா போறும்.”

“இத்தன பேரு இருக்கப்ப நான் ஏன், சார்?”

“உங்களுக்கு அனுபவம் இருக்கோல்லியோ! அப்பா இறங்கியிருக்கார், அண்ணா இறங்கியிருக்கார்னு பாரத்துல எழுதியிருக்கேளே. இதெல்லாம் ரத்தத்துல வர டேலண்ட். எங்காத்துல எல்லாருக்கும் கணக்கு வர மாதிரி.”

“எங்க அண்ணன் எறங்குனவன் ஏறி வரல, சார்.”

“ச்சு, ச்சு. அவருக்கு ட்ரெய்னிங் இல்ல. நீங்க ட்ரெய்னிங் முடிச்சவர்!”

“வண்டியக் கூப்பிட்டா, பைப்ப விட்டு உறிஞ்சிட்டுப் போயிரும்லா, சார்?”

“வண்டி வந்தா கேட்ல பதியணும். பதிஞ்சா விருது போயிடும். மனுஷன் இறங்கினா எங்கேயும் பதிய வேண்டாம்.”

“காலைல உறுதிமொழி சொன்னமே...”

“அது தியரி. இது ப்ராக்டிகல். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கப்படாது. இறங்கி ஏறினேள்னா சர்ட்டிபிகேட்ல இப்பவே கையெழுத்துப் போடறேன். இல்லேன்னா உங்க காண்ட்ராக்டர் உங்களை எங்க அனுப்புவார்னு நான் சொல்லணுமா?”

கேட்டீர்களா, சாட்சிகளே? கயிற்றிலிருந்து விடுதலை தரும் பத்திரத்தைக் கயிற்றின் நுனியிலேயே கட்டித் தொங்கவிட்ட சாமர்த்தியத்தைக் கண்டீர்களா? கயிறும் வந்தது. உயர்பீடத்தின் கொடிக்கம்பத்திலிருந்து கொடியை இறக்கி, அந்தக் கயிற்றையே அவிழ்த்துக்கொண்டு வந்தார்கள். சாக்லேட் நிற அங்கியின் மேல் வானமாமலையின் இடுப்பில் அதைச் சுற்றினார்கள். அங்கி அழுக்காகும் என்று ஒருவர் நினைவூட்ட, கயிற்றை அவிழ்த்து, அங்கியைக் கழற்றி, மறுபடி கயிற்றைச் சுற்றினார்கள். பூந்தொட்டிகளை நகர்த்தினார்கள். மூடியைப் புரட்டினார்கள்.

உள்ளேயிருந்து எழுந்த ஆவி முகத்தில் அறைந்தது. வானமாமலைக்கு அது புதிய வாடையல்ல. அண்ணனைக் கிடத்தியிருந்த பாயிலிருந்து எழுந்த வாடை அது. சர்ட்டிபிகேட் கண்ணில் தெரிந்தது. ஸ்விட்ச் தெரிந்தது. வாசற்படியில் நிற்கும் விஜயலட்சுமி தெரிந்தாள்.

அந்த நேரம் பார்த்து, மறைவாக ஒரு சுவர் கிடைக்குமா என்று தேடிக்கொண்டு சிறப்பு விருந்தினர் கொல்லைப்புறத்துக்கே வந்துவிட்டார். அவர் பின்னே புகைப்படக்காரர்கள் வந்தார்கள். புகைப்படக்காரர்கள் பின்னே கூட்டம் வந்தது. இயக்குநர் ஒரு நொடி திகைத்தார், மறுநொடி கைகளை விரித்து முழங்கினார்: “அன்பர்களே, நேரடிச் செயல்விளக்கம்! வானமாமலை, இறங்குங்கோ!”

வாதம் செய்யும் வாய் வானமாமலைக்கு இல்லை. பயிற்சி நாட்கள் முழுதும் அந்த வாய்க்கு அவர்கள் கற்றுக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான். அவருடைய வலக்கை மெல்ல உயர்ந்தது, முன்னே நீண்டது.

“நான் எந்தத் தொட்டிக்குள்ளும் இறங்க மாட்டேன்...”

என்ன அதிசயம்! தோட்டக்காரர் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கை நீட்டினார். காவலர்கள் நீட்டினார்கள். ஷ்ருதி நீட்டினார். கயிற்றைப் பிடித்திருந்தவர் கயிற்றை விட்டுவிட்டு நீட்டினார். இயக்குநரின் கை தானாக எழுந்தது. அவருடைய வாய் தானாகத் திறந்தது. “எந்த மனிதரையும் இறங்கச் சொல்ல மாட்டேன்,” என்று அவர் கணீரென்று சொன்னார். படம் பிடிக்கிறார்கள் என்பதால் சிறப்பு விருந்தினரும் வேறு வழியின்றிக் கை நீட்டினார். உறுதிமொழி முடிந்தது.

“ரொம்ப சந்தோஷம். இப்போ இறங்குங்கோ,” என்றார் இயக்குநர்.

“நான் எந்தத் தொட்டிக்குள்ளும் இறங்க மாட்டேன்,” என்று வானமாமலை மறுபடி தொடங்கினார்.

மறுபடி எல்லாக் கைகளும் நீண்டன. மறுபடி இயக்குநர் கணீரென்று சொன்னார். முடிந்ததும், மூச்சு வாங்க வானமாமலை நிறுத்திய இடைவெளியில், ஷகீல் தொடங்கினான். ஷகீல் முடிக்கும் முன் பின்வரிசையில் இன்னொருவர் தொடங்கினார். “இறங்கு” என்று சொல்வதற்கு வாயைத் திறக்கும்போதெல்லாம், “இறங்கச் சொல்ல மாட்டேன்” என்றே இயக்குநரின் வாயிலிருந்து வந்தது. சிறப்பு விருந்தினர் வலக்கையை நீட்டியபடி, இடக்கையால் அடிவயிற்றைப் பிடித்தபடி, வியர்த்து, நெளிந்து, பல்லைக் கடித்தார். அசைந்தால் நாளைய பத்திரிகையில் உறுதிமொழியை அவமதித்த அதிகாரி என்று படம் வரும். அசையாவிட்டால் அதைவிட மோசமான படம் வரும்.

“அரே, வண்டியைக் கூப்பிடுய்யா!” என்று அவர் இந்தியில் அலறினார். “விருதாவது, மண்ணாங்கட்டியாவது! வண்டி! வண்டி!”

வந்தது வண்டி. எங்கோ தொலைவிலிருந்து வரவில்லை. அடுத்த தெருவில், நாலா என்னும் சாக்கடைக் கால்வாயின் ஓரத்தில், ஓட்டுநர் சாய்ந்து தூங்கிக்கொண்டிருக்க, இத்தனை காலமும் நின்றுகொண்டிருந்தது. குழாயை உள்ளே விட்டார்கள். எந்திரம் உறுமியது. மனிதனின் உயிரைக் கேட்ட தொட்டி, குழாய்க்குச் சத்தமின்றிப் பணிந்தது. வாசற்பதிவில் அந்த வண்டியைச் சிறப்பு விருந்தினரின் இரண்டாவது வாகனம் என்று எழுதச் சொல்லி இயக்குநர் விருதைக் காப்பாற்றிக்கொண்டார். இசக்கிதுரைக்கு வராத வண்டி! எத்தனையோ தாய்மார் மாரடித்து அழுதும் அசையாத வண்டி! ஓர் அதிகாரியின் நீர்ப்பைக்காக ஓடோடி வந்தது, தோழர்களே!

பட்டமளிப்பு தொடர்ந்தது. எல்லோருக்கும் சர்ட்டிபிகேட் கிடைத்தது. வானமாமலைக்கு மட்டும் ஒரு தாள் கிடைத்தது. ஷ்ருதி தலையைக் குனிந்துகொண்டு அதைப் படித்துச் சொன்னார். “உறுதிமொழி, மிகச் சிறப்பு. செய்முறை, தேர்ச்சி இல்லை.”

அன்றிரவு விஜயலட்சுமி அந்தத் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மறுநாள் காலை அவர் வேலைக்குப் புறப்பட்டபோது அவளும் செருப்பை மாட்டினாள்.

“நீ எங்க வாற?”

“அந்தக் கயறு வருமுல்லா. அத நானும் பாக்கணும்.”

அடித்தளத்தில் ப்ளோயர் ஓடிக்கொண்டிருந்தது. செல்லப்பாண்டி தோளில் கயிற்றுச் சுருளோடு வந்தார்.

“சர்ட்டிபிகேட் எங்க வே?”

“பெயிலு, அண்ணாச்சி.”

“நெனச்சேன். அப்பம் இந்தாரும். மாட்டுங்கால ஒரு பில்டிங்கு டேங்க்கு பொங்கி வழியுது. கெளம்பும்.”

வானமாமலை கயிற்றைப் பார்த்தார். பிறகு வலக்கையை முன்னே நீட்டினார். உறுதிமொழியைத் தொடங்கினார். விஜயலட்சுமி அவரருகே வந்து நின்று தானும் கையை நீட்டினாள். சொற்கள் அவளுக்குத் தெரியாது. அவர் சொல்லச் சொல்லச் சொன்னாள். படியிறங்கி வந்த லிப்ட்காரர் நின்றார், கை நீட்டினார். குப்பை அள்ளும் பெண்கள் கூடையை இறக்கி வைத்தார்கள், நீட்டினார்கள். மேல்மாடிகளில் பாத்திரம் தேய்க்கப் போகிறவர்கள் லிப்டை விட்டுவிட்டு வந்து நின்றார்கள்.

“என்ன வே இது? எல்லாரும் பஸ்ஸ மறிக்குத மாரி நிக்கிய? பில்டிங் சொசைட்டி செக்ரட்டரியக் கூப்புடட்டா?” என்றார் செல்லப்பாண்டி.

“கூப்புடுங்க அண்ணாச்சி. அவுகளும் வந்து கைய நீட்டட்டும்,” என்றாள் விஜயலட்சுமி.

அங்கேதான் நிற்கிறார்கள், வாசிப்போரே. ஒரு பக்கம் கயிறு, மறுபக்கம் கைகள். மேலே மாடிகளில் இருப்பது யார்? நீங்கள்! பித்தானை அழுத்திவிட்டு மறந்துபோகிறவர் யார்? நீங்கள்! மனிதனைத் தொட்டிக்குள் இறக்கக் கூடாது என்று இந்த நாட்டில் சட்டம் இருக்கிறது, வாசகம் இருக்கிறது, தகடு இருக்கிறது. சட்டத்துக்குக் கைதான் இல்லை. எழுந்து செல்லுங்கள், உங்கள் கட்டடத்தின் பம்ப் அறைக்கு. அங்கே ஆணியில் ஒரு கயிறு தொங்கும். எடுத்து வந்து எரியுங்கள். உங்கள் தொட்டியின் மூடியில் எழுதுங்கள்: இதற்குள் மனிதர் இறங்கார், வண்டி வரும் என்று. அந்த வண்டியின் எண்ணைப் பக்கத்திலேயே எழுதுங்கள். இனி எவனாவது ஒரு மனிதனின் இடுப்பில் கயிற்றைச் சுற்றக் கண்டால், மூக்கைப் பொத்திய அந்தக் கையை எடுங்கள்.

எடுத்து நீட்டுங்கள்!